ஒன்றே முக்கால் மணி வாடிக்கையாளர்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்த அந்த ஆள், இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினார். ஹெல்மெட்டின் கண்ணாடி கன்னங்கரேல் என்றிருந்தது, முகம் தெரியவில்லை. வண்டி வந்து நின்ற சத்தமும் கேட்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அவசரமாகச் சுவரோரம் நகர்ந்தார். சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த மலிவு விலை மருந்துக்கடையை நடத்தும் பெண் மட்டும் அசரவில்லை. பட்டப்பகல் ஒன்றே முக்கால் மணிக்கு, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற கடையில் எவன் வந்து கொள்ளையடிப்பான்?

ஹெல்மெட் ஒரு துண்டுச்சீட்டை நீட்டியது. அவள் பிரஷர் மாத்திரை மூன்று அட்டை எடுத்து வைத்தாள். அந்த ஆள் அட்டையைத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, கண்ணிமைக்கும் நேரத்தில் காலாவதி தேதியைப் பார்த்து முடித்தார்.

தபால்காரருக்குப் போன உயிர் திரும்பியது. அவரும் அதே மாத்திரைக்காகத்தான் வந்திருந்தார். எதிரே இருக்கிற பழைய மருந்துக்கடை விலைக்குத் தினமும் போட்டால் பென்ஷன் தாங்காது என்று மூன்று மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். நேற்றுக் குளியலறையில் தலைசுற்றி விழப்பார்த்தார். பயந்துபோய் இங்கே வந்துவிட்டாரே தவிர, வாங்க மனசு வரவில்லை.

"இதெல்லாம் வெறும் சுண்ணாம்புத் தூளுன்னு எதிர்க்கடை முதலாளி சொல்றாரும்மா. இருபது வருஷப் பழக்கம். பொய் சொல்லுவாரா?"

அந்த ஒரு பேச்சு தெரு முழுக்கப் பரவித்தான் அவள் கடை இந்தக் கதிக்கு வந்திருந்தது. அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்: உள்ளே இருப்பது அதே மருந்து, கம்பெனிப் பெயருக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கிற காசுதான் இதில் இல்லை, எதிர்க்கடைக்கு வந்து இறங்குகிற விலையே இதைப்போல மூன்று மடங்கு.

ஹெல்மெட் தன்னை மறந்து தலையாட்டியது.

தபால்காரர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் தம்பி என்று கேட்டார். அந்த ஆள் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குக் கட்டைவிரல் உயர்ந்தது. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சில்லறையைச் சரியாக வைத்துவிட்டு, மாத்திரையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, தெருக்கோடியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

தபால்காரரும் எழுந்துவிட்டார். இந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத முகமே கிடையாதாம். முகத்தையே காட்டாத ஆசாமி கட்டைவிரலைக் காட்டினான் என்பதற்காக மாத்திரையை முழுங்க முடியுமா என்று கேட்டார்.

அவளுக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது. இந்த மனுஷர் இப்படியே போனால் அடுத்த தடவை விழப்பார்க்க மாட்டார், விழுந்தேவிடுவார். ஆனால் ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"எதிர்க்கடை முதலாளி சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. அடுத்த நிமிஷமே வாங்கிக்கறேன்."

சாப்பாட்டுக்காக மூடியிருந்த எதிர்க்கடை இரண்டு மணிக்குத் திறக்கும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதோ, ஷட்டரைத் தூக்கறாரு. ஹெல்மெட்டைக் கழட்டறதுக்குள்ள போய்க் கேட்டுடுங்க ஐயா."