கால் பதியும் மணல்

செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்காரரின் மணல் குவியலில் வலது காலை ஒருமுறை அழுத்தி எடுத்தார் பெரியவர். குனிந்து பார்த்தார். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

"இதுதான். இதுலயே பத்து மூட்டை போடுங்க."

"இது சுவர் பூசுற சலிச்ச மணல் சார். கோழி நடமாடுற இடத்துக்குன்னுதானே கேட்டீங்க?" கட்டடச் சாமான் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "மரச்சீவல் போடுங்க, ஈரத்தை இழுத்துக்கும். உமியும் நல்லதுதான். இந்தப் பொடி மணல் ஒரு மழைக்குத் தாங்காது."

"இல்லப்பா, கால் தடம் பதியணும்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கோழிக்கால் தடத்தைச் சொல்றேன். பாக்க அழகா இருக்கும்."

சொன்ன பொய் அவருக்கே கூச்சமாக இருந்தது. தம்பி பெண்டாட்டியைக் கையும் களவுமாகப் பிடிக்க மணல் வாங்குகிறேன் என்று எந்த மனிதன் கடையில் நின்று சொல்வான்?

"இப்ப கீழ என்ன போட்டிருக்கீங்க?"

"வெறும் தரைதான். ஒரே சேறு. ஆனா முட்டை மட்டும் பளிச்சுனு இருக்கும், ஒரு பொட்டு அழுக்கு இருக்காது."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க! எங்க வீட்டு முட்டையைக் கழுவிக் கழுவியே என் சம்சாரத்துக்கு இடுப்பு போச்சு. உங்க கோழிங்க காலைக் கழுவிட்டுத்தான் ஏறும் போல."

பெரியவருக்கு அந்த நிலையிலும் பெருமை தாங்கவில்லை.

முப்பது வருடம் கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். எண்ணிக்கை குறைந்தால் எவனோ கை வைத்துவிட்டான் என்பதுதான் அங்கே கற்ற ஒரே பாடம். ஓய்வு பெற்றதும் கொல்லையில் நாலு கோழி வாங்கி விட்டார். தினமும் நாலு முட்டை. எதிரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு.

முட்டை விலை ஏறிய போன மாதம் அந்த நாலில் மண் விழுந்தது. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் இரண்டு. ஒரு விடியற்காலையில் தம்பி பெண்டாட்டி துணிப்பையும் கையுமாகக் கூண்டிலிருந்து வெளியே வருவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

தெருவுக்கே கேட்கும்படி "முட்டைத் திருடி!" என்று கத்தினார். அவள் தலை குனிந்துகொண்டாள். அகப்பட்டவர்கள் கிடங்கிலும் இப்படித்தான் நிற்பார்கள்.

அப்பா கட்டிய ஒரே வீடு, இரண்டு அடுப்படி, ஒரே கொல்லை. அன்று சாயங்காலமே சின்னவர் வந்து நின்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நிரூபிங்கண்ணே. இல்ல, நாங்க வேற வீடு பாத்துக்குறோம்."

பிறந்ததிலிருந்து தம்பியைப் பிரிந்து இருந்ததில்லை பெரியவர். தெருவில் வைத்துக் கத்தியது தப்பு என்று உள்ளுக்குள் குறுகுறுத்தது. சொன்னதை வாபஸ் வாங்கவோ அதைவிட வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மாலை கூண்டு முழுக்க மணலைக் கொட்டிப் பலகையால் நிரவினார்.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல கோழிக்கூண்டுல பொறி வைக்கிறீங்களே" என்றாள் அவர் மனைவி, அடுப்படி ஜன்னலில் இருந்து. "எனக்கு வெளிய தலை காட்ட முடியல."

அவர் பலகையை இன்னொரு முறை இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். பதிந்திருந்தது! கூண்டுக் கதவிலிருந்து முட்டைப் பெட்டி வரைக்கும், திரும்பக் கதவு வரைக்கும் சின்னச் சின்னக் காலடிகள். வெளியே சிமெண்ட் தரையில் ஒட்டியிருந்த மணல் நேராகத் தம்பியின் அடுப்படி வாசலில் போய் நின்றது.

"டேய், வந்து பாருடா! எல்லாரும் வந்து பாருங்க!"

பக்கத்து வீட்டு மதில் மேல் நாலைந்து தலைகள் முளைத்தன. சின்னவர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

தடத்தைப் பார்த்த சின்னவரின் முகம் செத்துப்போனது. "நீயா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல!" பெரியவர் வெற்றியோடு பெட்டியைத் திறந்தார். உள்ளே முட்டைகள், துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று.

சின்னவர் எட்டிப் பார்த்து எண்ணினார். "நாலு கோழி, நாலு முட்டை. அப்ப இவ எதைண்ணே எடுத்தா?"

பெரியவர் குனிந்தார். மணலைப் பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டெங்கும் கோழிக்கால் தடம். பெட்டியின் பக்கத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கே போய்த் திரும்பியிருந்தவை அந்த இரண்டு கால்கள்தான்.

காது மடல் வரைக்கும் சூடேறியது. மதில் மேல் இருந்த தலைகளை ஏறிட்டுப் பார்க்கக் கூசியது. நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"ஏம்மா..." தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

அவள் கிட்டே வந்தாள். தப்பு செய்தவளைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, மதிலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"தெருவே நின்னு பாக்கிறப்ப எப்படி மாமா சொல்றது, உங்க கோழிங்க முட்டை போட்டு மூணு மாசமாச்சுன்னு?"