தெருமுனை வரை கேட்க வேண்டும்

அந்த விசிலையும் என் மனைவி ஃபெயிலாக்கிவிட்டாள்.

படகுச் சாமான் கடைக்காரர் அதைத் துடைத்து டப்பாவுக்குள் திருப்பிப் போட்டார். கயிறு, டார்ச், மிதவைச் சட்டை எல்லாவற்றையும் பேரம்கூடப் பேசாமல் வாங்கி ஆபத்துக்கென்று தயார் பண்ணும் பையில் போட்டவள், சத்தம் எழுப்புகிற சாமானுக்கு வந்ததும் இப்படிச் சட்டமாக உட்கார்ந்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கணக்கு டீச்சரிடம் மாட்டியதே இல்லை போலிருக்கிறது.

“இது உள்ள உருண்டை இல்லாத விசில் மேடம். தண்ணில நனைஞ்சாலும் அடைக்காது. லேசா ஊதினாப் போதும், ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும்.”

“ஊதுறது வேணாம்னு சொல்லிட்டேனே. வேற காட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கல்யாணமான ஆண் தலையாட்டினால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

போன மழையில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டாள், நான் வீட்டில். மீட்புப் படகு எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டுதான் போனது. உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது. ஜன்னல் கம்பியில் நான் கரண்டியால் அடித்ததுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை, மோட்டார் அவ்வளவு இரைச்சல். எதிர்வீட்டுக்காரர்கள் கத்தினார்கள், ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் வீடு காலி என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த படகு வருவதற்குள், கட்டில்மேல் நின்றிருந்த எனக்குத் தண்ணீர் மார்பைத் தாண்டியிருந்தது.

இனி ஒரு படகும் நம் வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பட்டனை அழுத்தினால் அலறுகிற பேட்டரி விசில் வந்தது. கடையே அதிர்ந்தது. தண்ணீர் புகாது என்று அட்டையில் எழுதியிருப்பதை அவர் பெருமையாகக் காட்டினார். அவள் மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜக்கை இழுத்து அதை உள்ளே முக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே எடுத்து அழுத்தியபோது சளி பிடித்த கோழி மாதிரி ஒரு முனகல். அதோடு அதன் கதை முடிந்தது.

“இதுக்கும் பில் போட்டுடுங்க” என்றாள்.

கேஸ் அடைத்த ஹாரன் வந்தது. கேஸ் தீர்ந்தால் புது டப்பா வாங்கிக்கொள்ளலாமாம். வெள்ளத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று கேட்டாள். அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்து ரப்பர் உருண்டையை அமுக்குகிற பழைய காலத்து ஹாரன். எனக்கு அது பிடித்திருந்தது, இரண்டு தடவை அமுக்கிக்கூடப் பார்த்தேன். ஆட்டோ வருகிறதென்று எல்லாரும் ஒதுங்கித்தான் போவார்கள், ஒருத்தரும் தேடி வரமாட்டார்கள் என்று கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஒரு விசில் ஊதுறதுல என்ன மேடம் கஷ்டம்? சின்னக் குழந்தைகூட ஊதும். சார், நீங்களாவது சொல்லுங்க.”

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். என் சங்கதியை என்னைக் கேட்காமல் வெளியாட்களிடம் சொல்வதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அதற்காகப் பொல்லாதவள் என்று பேர் வாங்கவும் அவள் தயார். எத்தனை கடைகளில் வாங்கியிருக்கிறாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, உள்ளே இருந்த துணியை விலக்கினேன்.

கடைக்காரர் என் கழுத்தில் இருந்த துளையைப் பார்த்தார்.

தொண்டையில் வந்த கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள். மூச்சு இந்தத் துளை வழியாகத்தான். வாய்க்குக் காற்று வராது. எந்த ஊர் விசிலாக இருந்தாலும் என் உதட்டில் சும்மாதான் இருக்கும்.

வெள்ளத்தில் மற்றவர்களுக்கு மூக்கு வரை அவகாசம் உண்டு. எனக்குக் கழுத்து வரைதான்.

அவர் ஐயோ பாவம் என்று ஆரம்பிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. நேராக உள்ளே போய், அடித்தட்டைக் கிளறி, பாட்டில் மாதிரி ஒரு ஹாரனைக் கொண்டுவந்தார். சைக்கிளுக்கு அடிப்பதுபோல் கையாலேயே காற்றடித்துக்கொள்ளலாம். அழுத்தினால் கத்தும், தீர்ந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது. ஜக்கையும் அவரே நகர்த்தி வைத்தார்.

அவள் முக்கினாள், எடுத்து உதறினாள், என்னிடம் கொடுத்துக் காற்றடிக்கச் சொன்னாள். எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வாங்கவில்லை.

“நான் தெருமுனை வரைக்கும் போறேன். திரும்பிப் பாக்க மாட்டேன். கேட்டுச்சுன்னா கையத் தூக்குறேன்” என்று இறங்கினாள்.

பஸ்ஸும் லாரியும் ஓயாத தெரு. அவள் கூட்டத்துக்குள் வேகமாக நடந்தாள். கடை வாசலில் நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு எதைச் சொல்வதென்றாலும் பின்னால் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டாக வேண்டும்.

முனையை அடைந்துவிட்டாள். ஒரு லாரி கடந்துபோகும்போதே அழுத்தினேன்.

அவள் கையைத் தூக்கவில்லை. மறந்தே போய்விட்டாள். சட்டென்று திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி, “என்னங்க?” என்றாள்.