ஓரத்தில் தெரிந்த கை

"கல்யாணம்னா இதுல்ல கல்யாணம்! இந்த ஜோடிக்கா விசா கிடையாதுன்னு எழுதினான்?" கிருபாசங்கர் சுழல்நாற்காலியில் அரை வட்டம் அடித்து நின்று, கம்ப்யூட்டர் திரையைத் தட்டினார்.

திரையில் மணவறை. மாப்பிள்ளை நிதீஷ், அவன் பக்கத்தில் பட்டும் ஒட்டியாணமுமாகக் கீதா. ஒரே கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். கீதாவின் முகத்தில் ஊரையே ஜெயித்த சிரிப்பு.

கணபதி என்கிற பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது கிருபாசங்கரின் வேர்ல்டுவைட் விசா ஆலோசனை மையம். சுவரில் நான்கு நாட்டுக் கடிகாரங்கள். அதில் கனடா மட்டும் போன தீபாவளியோடு நின்றுவிட்டது. அவர் சென்னையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் பட்டறைச் சூடு தரைவழியே ஏறிவரும் அறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவரை யாரால் சந்தேகப்பட முடியும்?

எதிர் நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தாள் கீதா. கூட வந்த பெண், பையை மடியில் கட்டிப்பிடித்தபடி கதவோரத்து ஸ்டூலில் ஒடுங்கியிருந்தாள்.

"கனடாவுக்கு மனைவியைக் கூப்பிட்டுக்கற விசாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் மேடம். கல்யாணம் நிஜம்னு வெள்ளைக்காரன் நம்பணும். போன தடவை நம்பலை. இந்தத் தடவையும் நம்பலைன்னா புருஷன் அங்க, பொண்டாட்டி இங்க. அறுபதாம் கல்யாணத்தை வீடியோ கால்லதான் பண்ணிக்கணும்!"

ஸ்டூல் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இளகின மனசு என்று நினைத்துக்கொண்டார் கிருபாசங்கர்.

கீதா அசரவில்லை. "அதுக்குத்தானுங்க நானே முன்ன நின்னு வந்துபோட்டேன். கல்யாணப் போட்டோ மூட்டை மூட்டையாக் கெடக்குதுங்க. நானே உக்காந்து இதுகளைப் பொறுக்குனேன். மத்ததுல எல்லாம் நான் கண்ண மூடிட்டேனுங்க."

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள் ஸ்டூல் பெண்.

"நான் பேசும்போது குறுக்க பேசினா எனக்கு ஃப்ளோ போயிடும்மா."

"அம்மணி, செத்த சும்மா இரு. பெரியவிய பேசிட்டிருக்கறமல்ல?" என்றாள் கீதாவும்.

கிருபாசங்கர் டையை இறுக்கி, குரலைக் கனமாக்கி, வெள்ளைக்காரனாக மாறினார். "இன்டர்வியூல இப்படித்தான் கேப்பான். சொல்லுங்க, நிதீஷுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?"

"அரிசிம்பருப்புச் சோறுங்க. மேல நெய் ஊத்தலீன்னா தட்டத்தைத் தள்ளிப்போட்டு எந்திரிச்சிருவான்."

"தூக்கம்?"

"குப்புறத்தானுங்க படுப்பான். கொறட்டை உட்டா அந்தக் கீழ் பட்டறை தோத்துப்போகுமுங்க."

மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஒரு 'ங்க' போட்டுப் பேசுகிற ஊரில், நிதீஷ் மட்டும் 'அவன்'. கிருபாசங்கர் சொக்கிப்போனார். "பிரமாதம் மேடம்! வாங்க போங்கன்னா அது மரியாதை. அவன் இவன்னாதான் அன்னியோன்யம். இதை அப்படியே அங்கேயும் சொல்லுங்க, வெள்ளைக்காரன் விழுந்துடுவான்."

கீதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பாராட்டை எதற்குத் திருப்பித் தருவது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்த படம் விமான நிலையம். நிதீஷின் தோளில் சாய்ந்து கீதா விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில், பெட்டியின் கைப்பிடியைப் பற்றியபடி, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது.

"அடடா, யாரோ குறுக்க வந்து கெடுத்துட்டாங்களே."

"வெட்டிருங்க. என்ர மூஞ்சியும் கொஞ்சம் பெருசாத் தெரியும்."

ஸ்டூல் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "ஏனுங்க, அந்தக் கை வந்துங்க..."

"உக்காரும்மா! எத்தனையோ ஜோடியைச் சேத்துவச்ச கை இது. இதுக்குத் தெரியாதா எதை வெட்டணும்னு?" கிருபாசங்கர் மவுஸை இழுத்தார். ஓரத்துக் கை போயே போய்விட்டது.

"இப்பப் பாருங்க. புருஷன், பொண்டாட்டி, கண்ணீர். மூணாவது ஆளே இல்லை!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பாஸ்போர்ட்டைக் குடுங்க மேடம், விண்ணப்பத்தை முடிச்சு அனுப்பிடறேன்."

"என்ரதா?" கீதா திகைத்துப் பார்த்தாள். "எனக்கெதுக்குங்க பாஸ்போர்ட்டு? நான் பாலக்காட்டையே தாண்டுனதில்லீங்க."

கிருபாசங்கரின் நாற்காலி சுழலாமல் நின்றது. "அப்ப... அந்த மணவறைப் போட்டோ?"

"அது இணைச்சீருங்க! தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளையோட அக்காளைப் பக்கத்துல உக்கார வெச்சுச் செய்வாங்க. இது தெரியாமயா இத்தன நேரம் பேசுனீங்க?"

அவருக்குக் கோட்டுக்குள் குப்பென்று வேர்த்தது. "போன தடவை எந்தப் போட்டோவை அனுப்பினீங்க?"

"இதே போட்டோதானுங்க. எல்லாத்துலயும் நான் பளிச்சுன்னு இருக்கறேனல்லங்க!"

இருவருக்கும் நடுவே மேசைமேல் ஒரு பாஸ்போர்ட் வந்து விழுந்தது. அதை வைத்த கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

"நீங்க வெட்டிப்போட்டீங்களே, அந்தக் கைதானுங்க பொண்டாட்டி."