அட்டைக் கல்லறை

அவள் மறுபடியும் டின்னை எடுத்துப் பக்கத்துக் கல்லறையின் முன்னால் வைத்தாள்.

கல்லறை என்றால் வெறும் அட்டைதான். பேய் வேடம் போடும் ஹாலோவீன் நாளுக்காக மகனும் அவனுடைய பள்ளிக்கூட நண்பர்களும் வீட்டு முன் புல்தரையில் நட்டு வைத்தவை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு உணவு டின் கொண்டுவந்து, பிடித்த கல்லறையின் முன்னால் வைக்க வேண்டும். எல்லாம் நாளைக்கு இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற உணவு வங்கிக்குப் போகும்.

நல்ல காரியம்தான். கனடாவில், ஸ்காபரோவின் அந்தத் தெருவே பிள்ளைகளை மெச்சியது.

மற்றப் பிள்ளைகள் வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். கணக்குப் பரீட்சையில் மாண்டவன். ப்ரோக்கலி தின்று போய்ச்சேர்ந்தவன்.

மகன் மட்டும் மாமாவின் பெயரை எழுதிவிட்டான்.

குகதாசன்.

அவளுடைய அண்ணா. இலங்கையில் போரின் கடைசி நாட்களில் ராணுவம் அவரைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் கோயிலில் அர்ச்சனை செய்கிறாள். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை.

"மாமாவுக்கு ஒரு இடத்திலயும் கல்லறை இல்லைத்தானே, அம்மா?"

ஆசையாகத்தான் கேட்டான். அவனை எப்படி ஏசுவது?

அட்டையைப் பிடுங்கப் போனாள். அண்ணாவின் பெயரைப் பிடுங்கி எறியக் கை வரவில்லை.

அதனால் காவல் நின்றாள்.

செத்தவர்களுக்குத்தான் படைப்பார்கள். அண்ணாவின் முன்னால் ஒரு பருப்பு டின்கூட இருக்கக் கூடாது. சனம் சிரித்துக்கொண்டே வைத்தது. அவள் எடுக்க எடுக்க, அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருட்டத் தொடங்கியதும் சனம் குறைந்தது. மற்றக் கல்லறைகளின் முன்னால் டின்கள் குவிந்து கிடந்தன.

தேனீ வேடம் போட்ட ஒரு சின்னப் பெண் அண்ணாவின் அட்டையைப் பார்த்து நின்றாள். இந்த ஆளுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லையே என்று பாவமாக இருந்திருக்கும். தன் பையைத் துழாவி, அன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கிடைத்ததில் பெரிய சாக்லேட்டை எடுத்து வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

மகன் விரைந்து வந்தான். அம்மா ஏன் டின்களை எடுத்தாள் என்று அவனுக்கு இப்போதுதான் விளங்கியிருந்தது. சாக்லேட்டை எடுக்கக் குனிந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும், அப்பன்."

ஈரப் புல்லில் முழந்தாளிட்டாள்.

சாக்லேட்டின் உறையைப் பிரித்து, அண்ணாவின் பெயருக்கு முன்னால் திரும்ப வைத்தாள்.