வெளுத்த பிளக்

பட்டறை வாசலில், அவள் பைக்கில் போன வாரம் மாட்டிய புது சைலன்சரில் மாலை வெயில் தெறிக்கிறது. அவள் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டதும் வண்டி படபடவென்று வெடிக்கிறது. "அதுதாம்மா கெத்து! நீங்க கேக்குற மாதிரி பெட்ரோலைக் கூட்டி வைக்கிற ட்யூனிங்கெல்லாம் வேணாம். வீட்டுக்காரரை வரச்சொல்லுங்க, புரியவைக்கிறேன்," என்கிறார் மெக்கானிக். அவள் இன்ஜினை அணைத்து, அவருடைய ஸ்பேனரையே எடுத்து, பழந்துணியால் பிடித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறாள். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. அதை அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் டக்கென்று வைக்கிறாள். "புது சைலன்சரால காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் பத்தலை. இப்படியே ஓட்டினா இன்ஜின் வெந்துபோகும்ணே." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "ட்யூன் பண்ணுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. என் பின்னாடி உக்காந்துதான் வருவார்."