ஆவாரம்பூக் கசாயம்

"ஏலே மாரி, அந்த மாத்திரையத் தூக்கித் தூரப் போடு. என்னயப் பாரு, கல்லு மாதிரி இருக்கேனா இல்லையா?"

பெத்தணன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். பக்கத்து வீட்டு மாரிசாமிக்குச் சர்க்கரை இருப்பதாக அன்றுதான் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஏழாயிரம்பண்ணையில் ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு ஒரே வேனில் போகிறவர்கள்.

"எனக்கும் இதே சீக்குதான். போன வருசம் டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. தொடுவேனான்னுட்டேன். கம்பெனி வேலிக்கு வெளியே மஞ்சமஞ்சேர்னு ஆவாரஞ்செடி பூத்துக் கெடக்குல்ல? அந்தப் பூவக் காயவச்சு ஒங்க மதினி கசாயம் போட்டுத் தாறா. காலையிலயும் ராத்திரியும் ஒரு டம்ளர். போன மாசம் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டரே அசந்துட்டாரு. இப்படியே விடாமச் செய்ங்கன்னாரு!"

அடுப்படியிலிருந்து பொன்னுத்தங்கம் எட்டிப் பார்த்தாள்.

"கசாயம் குடிங்க தம்பி, வேண்டாங்கல. மாத்திரைய மட்டும் விட்டுறாதீக."

"தெனம் காய்ச்சுறவ நீயே இப்படிப் பேசலாமாட்டி? சும்மா கெட!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருசன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே பெத்தணன் பை நிறையப் பூப் பறித்துக் கொடுத்தார். மாரிசாமி அதைக் கோயில் திருநீறு வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டான். அதன்பின் அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான்; அவன் வீட்டிலும் ஆவாரம்பூ கொதிக்க ஆரம்பித்தது.

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த நேரம். வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. வெறுங்காலோடு நடந்ததில் மாரிசாமியின் கட்டைவிரலைக் கல் கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். ஆவாரை இலையை அரைத்துக் கட்டச் சொன்னார் பெத்தணன். கட்டினான். ஆறவில்லை. விரல் கறுத்து, பாதம் வீங்கி, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போன பெத்தணனிடம் மாரிசாமி கோபப்படவே இல்லை.

"ஒங்களுக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேக்கலண்ணே. என் ஒடம்பு வாகு அப்படி. நீங்க வருத்தப்படாதீக."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெத்தணனுக்கு. வீட்டுக்கு வந்தவர், காயப்போட்டிருந்த பூவை முறத்தோடு தெருவில் வீசினார்.

"எனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு? அவனுக்கு ஏன் கேக்கல? நல்லா நடந்துக்கிட்டிருந்தவன் கால நானே வெட்டிட்டேனே!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொன்னுத்தங்கம் கூடவே அழுதாள். அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார்.

"இனி இந்தக் கசாயச் சங்காத்தமே வேண்டாம். அந்த டாக்டர் எழுதுன மாத்திரைய வாங்கிட்டு வா. இப்பமே போடுறேன்."

பொன்னுத்தங்கம் நகரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்க்காமலே சொன்னாள்:

"இப்பம் போடக் கூடாதுங்க. காலையில ஒண்ணு கசாயத்துல பொடிச்சுப் போட்டாச்சு. அடுத்தது ராத்திரிதான், வழக்கம்போல."