கொக்கியில் மாட்டிய நாள்

கொக்கி மையத்தில் விதி எளிமையானது. பாடத்தில் வரும் சொற்களையும் அவற்றின் விளக்கங்களையும் உங்கள் பழைய நினைவு ஒன்றில் மாட்டிவிடுவார்கள். பிறகு அவை மறக்கவே மறக்காது. ஆனால் அந்த நினைவைத் தேடிப் போனால் பாடம்தான் வரும். நினைவு கெட்டியாக இருந்தால் ஒரு புத்தகத்தையே மாட்டலாம்.

அங்கே போய் மாட்டிக்கொண்டுதான் சுடர்க்கொடி மருந்தாளுநர் தேர்வில் முதல் வகுப்பில் தேறினாள். அவள் கணவன் ரூபனும் அப்படியே லிஃப்ட் ஆய்வாளர் தேர்வில் தேறி, அம்பத்தூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் இமயா இட்லியைப் பிட்டபடி கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல அவங்கவங்க பொறந்த கதையைச் சொல்லணுமாம். நான் பொறந்த அன்னிக்கு என்ன ஆச்சு?"

சுடர்க்கொடி வாயைத் திறந்தாள். "ஹெப்பாரின். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து."

"ஐயே, மருந்துக் கடை!" இமயா சிரித்தாள்.

"இருக்கறதுலயே கெட்டியான நினைவு அதுதான்டி. வீட்டுல ஒருத்தர் வெச்சிருந்தா போதும்னு மாட்டிட்டேன். அப்பாவைக் கேளு."

ரூபன் தொண்டையைச் செருமினான். "எதிர் எடை. லிஃப்ட் கூண்டின் பாரத்தைச் சமன் செய்ய மறுபக்கம் தொங்குவது."

சுடர்க்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ சொன்னியா? பெத்தவளே மாட்டுவான்னு நான் கண்டேனா?"

இமயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ அன்னிக்கு நான் மட்டும்தான் இருந்தேனா?"